எடைமேடை ஃபைல் சர்வருக்கு போகும்போதே பேர்ல தேதி நேரம் சேரணும், நைட் லோடு எல்லாம் முந்தின நாள் தேதியில விழுது

காவேரிப்பட்டணம்_கணக்கு | இரவு 10:20

எல்லாருக்கும் வணக்கம்ங்க. காவேரிப்பட்டணம் பக்கத்துல ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில கணக்கு பாக்குறேன், சீசன்ல எடைமேடை கம்ப்யூட்டரும் என் பொறுப்புதான். படிச்சது பி.காம், கமாண்ட் எல்லாம் நெட்ல பாத்து கத்துக்கிட்டது, அதனால கொஞ்சம் பொறுமையா விளக்கி சொல்லுங்க. போன்ல இருந்து அடிக்கிறதால கமாண்டை எல்லாம் வாயில சொல்ற மாதிரியே எழுதுறேன்.

எங்ககிட்ட ரெண்டு எடைமேடை, ரெண்டுலயும் விண்டோஸ் 10. லோடு வண்டி ஏறி கிராஸ் (மொத்த எடை) போட்டு, காய் இறக்கிட்டு, வெறும் வண்டி திரும்பி வந்து டேர் (வண்டி எடை) போட்டதும் சீட்டு பிரிண்ட் ஆகும். அப்புறம் ஆபரேட்டர் எக்ஸ்போர்ட் பட்டனை அமுக்குனா டி டிரைவ்ல எடை.சிஎஸ்வினு ஒரு ஃபைல் விழும், கூடவே வண்டியோட ஃபோட்டோ, வண்டி.ஜேபிஜி. அடுத்த லோடுக்கும் அதே பேர்தான், பழசு மேலயே எழுதிரும். சாஃப்ட்வேர் ரொம்ப பழசு, பேரை மாத்துற வசதியே இல்ல. சிஎஸ்விக்குள்ள சீட்டு நம்பர், வண்டி நம்பர், கிராஸ், டேர், நெட் (காயோட எடை) இவ்வளவுதான் இருக்கும், தேதி கிடையாது, தேதியும் நேரமும் சீட்டு பேப்பர்ல மட்டும்தான் அச்சாகும்.

எக்ஸ்போர்ட் பண்ணதும் டெஸ்க்டாப்ல ஒரு பேட்ச் ஃபைலை டபுள் கிளிக் பண்ணுவாங்க, அது எஸ்எஃப்டிபி வழியா ரெண்டு ஃபைலையும் நாங்க வாடகைக்கு எடுத்திருக்கிற லினக்ஸ் சர்வருக்கு அனுப்பும், ஆஃபீஸ்ல இருந்து அதை எடுத்து பில் போடுவோம். முதல்ல அந்த பேட்ச்லயே டேட், டைம் ரெண்டையும் பர்சென்ட் குறிக்குள்ள வச்சு பேர் போட்டுப் பாத்தேன். பத்து மணிக்கு மேல நல்லா போகும், காலையில 10க்கு முன்னாடி பேருக்கு நடுவுல ஒரு ஸ்பேஸ் வந்து ஃபெயில் ஆயிரும், ரெண்டாவது மேடையில மாசமும் நாளும் இடம் மாறி வரும். வெறுத்துப்போய் அதை விட்டுட்டு சர்வர்லயே நிமிஷத்துக்கு ஒருதடவை கிரான் (குறிச்ச நேரத்துக்கு வேலையை தானா ஓட்டுறது) ஓடி, வந்த ஃபைலை எம்வி கமாண்ட் போட்டு தேதி நேரத்தோட பேர் மாத்துற மாதிரி பண்ணேன். அதுலயும் கிரான்டேப்ல (கிரானோட வேலைப் பட்டியல்) நேரா எழுதினா ஓடல, அதே வரியை ஒரு எஸ்ஹெச் ஃபைல்ல (கமாண்டுகளை எழுதி வைக்கிற ஃபைல்) போட்டு கூப்பிட்டா ஓடுது, ஏன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல.

ஓடுதுல்லனு விட்டதுதான் தப்பா போச்சு. போன வாரம் போச்சம்பள்ளி பக்கத்துல இருந்து ஒரு பெரியவர் டிராக்டர்ல பெங்களூரா காய் கொண்டுவந்தார், 13ம் தேதி மத்தியானமே வந்து லைன்ல நின்னு, எடை போட்டு முடிக்கும்போது ராத்திரி 1:10. சீட்டுல 14ம் தேதினு இருக்கு. நான் ஃபைல் பேரைப் பாத்து 13ம் தேதி ரேட்ல பில் போட்டுட்டேன். 14ம் தேதியில இருந்து கிலோவுக்கு 1 ரூபா ஏத்தி குடுத்தாங்க. அவரோட நெட் 4,180 கிலோ. சீட்டை நாலா மடிச்சு சட்டைப் பையில பத்திரமா வச்சிருந்தார், டேபிள் மேல விரிச்சு வச்சு "சீட்டுல 14னு போட்டிருக்குது, பில்லுல 13னு போட்டிருக்குது, எது சாமி நெசம்?"னு கேட்டார். எனக்கு பதில் சொல்ல முடியல. அப்புறம்தான் பாத்தேன், அவரோட ஃபைல் பேர் 20250613_1940னு இருக்கு. அன்னைக்கு சாயங்காலம் 7:40க்கு அந்த வண்டி மேடையிலயே ஏறல.

அவருக்கு பணம் குடுக்க முதலாளி ஒத்துக்கிட்டார். ஆனா இதே மாதிரி எத்தனை பேருக்கு போயிருக்கும்னு நினைச்சா தூக்கம் வரல. சீட்டை வச்சுக்கிட்டு கேட்டவர் ஒருத்தர்தான், கேக்காம போனவங்க எத்தனை பேரோ. இதை எப்படி சரி பண்றது, ஏற்கனவே தப்பா பேர் விழுந்ததை எப்படி கண்டுபிடிக்கிறது, யாராவது சொல்லுங்க.

---

ஓசூர்_நைட்ஷிஃப்ட் | இரவு 11:05

ப்ரோ, உங்க 1940லயே விடை இருக்கு. ராத்திரி 1:10ல இருந்து 5 மணி 30 நிமிஷத்தை கழிச்சுப் பாருங்க, முந்தின நாள் 19:40 வரும். உங்க சர்வர் யூடிசி நேரத்துல (உலகப் பொது நேரம், நம்ம நேரத்துக்கு 5:30 பின்னாடி) ஓடிட்டு இருக்கு, வாடகை சர்வர் பெரும்பாலும் அப்படித்தான் வரும், நாமதான் மாத்திக்கணும். அதனால நம்ம ஊர் நேரம் ராத்திரி 12ல இருந்து விடிகாலை 5:30 வரைக்கும் வந்த ஒவ்வொரு ஃபைலுக்கும் முந்தின நாள் தேதிதான் விழுந்திருக்கும். பகல்ல வந்ததுக்கு மணி மட்டும் தப்பா இருக்கும், நாள் சரியா இருக்கும், அதனாலதான் இவ்வளவு நாள் கண்ணுல படல.

டைம்டேட்சிடிஎல்னு ஒரு கமாண்ட் இருக்கு, அதை சும்மா அடிச்சா இப்ப என்ன டைம்சோன்னு காட்டும். அதுலயே செட்-டைம்சோன் போட்டு ஏசியா சாய்வுக்கோடு கொல்கத்தானு குடுத்தா மாறிடும், அதுக்கப்புறம் கிரானை ஒருதடவை ரீஸ்டார்ட் பண்ணிடுங்க, இல்லைனா அது பழைய நேரத்துலயே சுத்திட்டு இருக்கும். அந்த சர்வர்ல வேற ஏதாவது ஓடுது, முழுசா மாத்த பயமா இருக்குனா, டேட் கமாண்டுக்கு முன்னாடி டிஇஸட் ஈக்வல் டு ஏசியா சாய்வுக்கோடு கொல்கத்தானு சேத்துடுங்க, அந்த ஒரு வரிக்கு மட்டும் நம்ம நேரம் வரும்.

கிரான்டேப்ல ஏன் ஓடலைனா, அங்க பர்சென்ட் குறிக்கு வேற அர்த்தம். முதல் பர்சென்ட் வந்த இடத்தோட கமாண்ட் முடிஞ்சுதுன்னு எடுத்துக்கும், மிச்சத்தை எல்லாம் அந்த கமாண்டுக்கு இன்புட்டா தள்ளிவிடும். டேட் ஃபார்மட் முழுக்க பர்சென்ட்தானே, அதனால பாதியிலயே வெட்டுப்பட்டு நிக்கும். ஒவ்வொரு பர்சென்டுக்கும் முன்னாடி பின்சாய்வுக்கோடு போடணும், இல்லைனா நீங்க பண்ண மாதிரி தனி ஃபைல்ல வச்சு கூப்பிடணும். நீங்க பண்ணதுதான் நல்ல வழி, அதை மாத்தாதீங்க.

விண்டோஸ்ல வந்த ஸ்பேஸ் கதையும் சொல்லிடறேன். பேட்ச் ஃபைல்ல டைம்னு கேட்டா காலையில 9 மணியை 09னு தராது, முன்னாடி ஒரு ஸ்பேஸ் விட்டு 9னு தரும். 10 மணிக்கு மேல ரெண்டு இலக்கம் ஆயிடறதால தானா சரியாயிடும். மாசம் நாள் இடம் மாறுறது எதனாலனா டேட்ங்கிறது அந்த கம்ப்யூட்டர்ல ரீஜியன் செட்டிங் எப்படி இருக்கோ அப்படித்தான் வரும், ஒரு மேடையில இந்தியானு இருந்திருக்கும், இன்னொண்ணுல அமெரிக்கானு விட்டிருப்பாங்க. இதுக்கு டபிள்யூமிக்னு ஒரு கமாண்டை பழைய பதிவுகள்ல எல்லாம் சொல்லியிருப்பாங்க, அதை இனி தொடாதீங்க, மைக்ரோசாஃப்ட் அதை கைவிட்டாச்சு, புது விண்டோஸ்ல இருந்து எடுத்துட்டு வர்றாங்க. பவர்ஷெல்ல (விண்டோஸ்லயே வர்ற இன்னொரு கமாண்ட் வசதி) கெட்-டேட் போட்டு ஃபார்மட் குடுங்க, எந்த ரீஜியனா இருந்தாலும் நீங்க கேட்ட மாதிரியே வரும்.

ஃபார்மட் எழுதும்போது மட்டும் ரொம்ப கவனமா இருங்க, எங்க ஆஃபீஸ்லயே இதுல அடிபட்டிருக்கோம். பவர்ஷெல்ல பெரிய எம்எம்னா மாசம், சின்ன எம்எம்னா நிமிஷம். லினக்ஸ் டேட்ல அப்படியே தலைகீழ், சின்ன எம் மாசம், பெரிய எம் நிமிஷம். அப்புறம் பவர்ஷெல்ல மணிக்கு பெரிய ஹெச்ஹெச்தான் போடணும், அதுதான் 24 மணி கணக்கு. சின்ன ஹெச்ஹெச் போட்டா 12 மணி கணக்கு, ராத்திரி 1:10க்கும் மத்தியானம் 1:10க்கும் ஒரே பேர் வந்து ஒண்ணு மேல ஒண்ணு எழுதி, பழசு போயே போயிடும். உங்களை மாதிரி ராத்திரி பகல்னு ஓடுற இடத்துல அது ரொம்ப ஆபத்து. மணிக்கும் நிமிஷத்துக்கும் நடுவுல கோலன் வைக்காதீங்க, விண்டோஸ் ஃபைல் பேர்ல கோலன் வைக்கவே விடாது. லினக்ஸ்ல விடும், ஆனா ஃபைல் அனுப்புற கமாண்டுகளான எஸ்சிபியும் ஆர்சிங்க்கும் கோலனுக்கு முன்னாடி இருக்கிறதை வேற ஒரு கம்ப்யூட்டர் பேருன்னு நினைச்சு அதைத் தேடிப் போகும்.

---

ராயக்கோட்டை_மண்டி | இரவு 11:18

நாங்களும் தக்காளி மண்டியில இதே மாதிரிதான் கஷ்டப்படுறோம்ண்ணா. வருஷம் முதல்ல, அப்புறம் மாசம், அப்புறம் நாள்னு வச்சா பேர் வரிசையும் தேதி வரிசையும் ஒண்ணாயிடும், இது ஒண்ணை மட்டும் எல்லாரும் பழகிக்கணும். எங்க பழைய ஆளு நாளை முதல்ல வச்சு 01-06, 01-07, 02-06னு ஃபோல்டர் பூரா கலந்து கிடக்கு, ஒரு மாசத்து கணக்கை எடுக்க அரை நாள் ஆவுது.

---

தர்மபுரி_பேக்கப் | காலை 6:40

தம்பி, ஓசூர்காரர் சொன்னது எல்லாம் சரி, டைம்சோனை கண்டிப்பா மாத்திடுங்க. ஆனா உங்க பிரச்சினை அதோட முடியாது, ஏன்னா நீங்க பேர்ல போடுறது எந்த நேரம்னு முதல்ல முடிவு பண்ணணும். இப்ப போடுறது ஃபைல் சர்வருக்கு வந்து கிரான் ஓடின நேரம். உங்களுக்கு வேண்டியது எடை போட்ட நேரம். ரெண்டும் பெரும்பாலும் ரெண்டு மூணு நிமிஷ வித்தியாசத்துல இருக்கும்தான், ஆனா ஆபரேட்டர் 11:55க்கு எக்ஸ்போர்ட் பண்ணிட்டு, வெளிய வண்டிக்காரங்க சத்தம் போடுறாங்கனு எழுந்து போயி, 12:10க்கு வந்து ஐகானை கிளிக் பண்ணா என்ன ஆகும்? நெட் இல்லாம அரை மணி கழிச்சு போனா? டைம்சோன் எவ்வளவு சரியா இருந்தாலும் தேதி மாறித்தான் விழும், இந்த தடவை அடுத்த நாளுக்கு போகும். அந்தப் பெரியவருக்கு 1 ரூபா குறைஞ்ச மாதிரி இன்னொருத்தருக்கு கூடவும் வரலாம், அதுவும் தப்புதானே.

நான் தர்மபுரியில 11 வருஷமா கடை கடையா பேக்கப் போட்டு குடுக்குறேன், ஸ்டுடியோ, மெடிக்கல், மண்டி எல்லாம். என் பழக்கம் ஒண்ணே ஒண்ணு, ஃபைல் எங்க பிறந்துச்சோ அங்கயே பேர் வச்சுடணும், போய்ச் சேர்ற இடத்துல பேர் வைக்கக்கூடாது. அதுவும் இப்ப மணி என்னனு கேட்டு வைக்கக்கூடாது, அந்த ஃபைலைக் கேட்டு வைக்கணும். சாஃப்ட்வேர் எடை.சிஎஸ்வியை எழுதின வினாடி அந்த ஃபைல்லயே பதிஞ்சிருக்கும். பவர்ஷெல்ல கெட்-ஐட்டம் போட்டு ஃபைல் பேரைக் குடுத்து, அதோட லாஸ்ட்ரைட்டைம் எடுத்து, டுஸ்ட்ரிங்ல நாலு ஒய், பெரிய எம்எம், சின்ன டிடி, அண்டர்ஸ்கோர், பெரிய ஹெச்ஹெச், சின்ன எம்எம், சின்ன எஸ்எஸ்னு குடுங்க. லினக்ஸ்ல பண்றவங்களுக்கு டேட் மைனஸ் ஆர் போட்டு ஃபைல் பேர் குடுத்தா அந்த ஃபைலோட நேரம் வரும். ஃபோட்டோவுக்கு தனியா நேரம் எடுக்காதீங்க, அது ரெண்டு வினாடி முன்ன பின்ன இருக்கும், பேர் ஒட்டாம போயிடும், சிஎஸ்வியோட நேரத்தையே ரெண்டுக்கும் வைங்க.

முன்னாடி மேடை நம்பரையும் சேருங்க. மேடை1_20250614_011023.சிஎஸ்வி, மேடை1_20250614_011023.ஜேபிஜி. ரெண்டு மேடையிலயும் ஒரே வினாடியில எக்ஸ்போர்ட் ஆக வாய்ப்பு கம்மிதான், சீசன்ல ஆனாலும் ஆகும்.

இந்தப் பேர்ல எடை ஃபைலை அதே கம்ப்யூட்டர்ல அனுப்பணும்னு ஒரு ஃபோல்டர் வச்சு காப்பி பண்ணிக்கோங்க, அப்புறம் அனுப்புங்க. நெட் போனாலும், அடுத்த லோடு வந்து எடை.சிஎஸ்வி மேல எழுதினாலும், இது தன் பேரோட பத்திரமா இருக்கும். போய்ச் சேந்தது உறுதியானதும் அனுப்பினது ஃபோல்டருக்கு நகத்திடுங்க. சீசன் முடியிற வரைக்கும் எதையும் டெலீட் பண்ண வேண்டாம்.

அப்புறம் பேர் மட்டும் சரியா இருந்தா போதாது, ஃபைலோட தேதியும் கூடவே போகணும். எஸ்எஃப்டிபியில ஃபைலை ஏத்துற கமாண்ட் புட், அதை சும்மா அடிச்சா சர்வர்ல அந்த ஃபைலுக்கு போய்ச் சேந்த நேரம்தான் விழும். எஸ்எஃப்டிபியில புட் மைனஸ் பி, எஸ்சிபியிலயும் மைனஸ் பி, ரெண்டும் சின்ன பி, பிரிசர்வ்ங்கிற வார்த்தையோட பி. ஆர்சிங்க்ல மைனஸ் டி (டைம்ங்கிற வார்த்தையோட டி), இல்லைனா மைனஸ் ஏ போட்டா அதுக்குள்ள டியும் அடக்கம். ஆர்சிங்க்ல டி விட்டுட்டீங்கனா அடுத்த தடவை தேதி ஒத்துப்போகலனு மாறாத ஃபைலையும் மறுபடி ஒண்ணொண்ணா அலசும், ஃபோட்டோ நிறைய இருந்தா நேரம் இழுக்கும். வின்எஸ்சிபி (விண்டோஸ்ல ஃபைல் அனுப்புற சாஃப்ட்வேர்) யூஸ் பண்றவங்களுக்கு தேதியை அதுவே கொண்டுபோகும், தனியா சொல்ல வேண்டாம்.

---

காவேரிப்பட்டணம்_கணக்கு | காலை 9:15

அண்ணா, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. யூடிசிங்கிறது இப்பதான் புரிஞ்சுது, டைம்டேட்சிடிஎல் அடிச்சுப் பாத்தேன், அதேதான். மேடை 1ல ஃபைலோட நேரத்தை எடுத்து பேர் வைக்கிறது நீங்க சொன்ன மாதிரி எழுதிட்டேன், வேலை செய்யுது.

இன்னொண்ணு இப்ப கவனிச்சேன். சில ஃபோட்டோ பாதிதான் இருக்கு, மேல வண்டியோட கேபின் தெரியுது, கீழ பாதி பூரா சாம்பல் கலர். வண்டி நம்பர் பிளேட் கீழதானே இருக்கும், அதுவே போயிடுது. எடைமேடை ரூம்ல அடிக்கடி கரண்ட் கட் ஆகி மோடம் ஆஃப் ஆகும், அதனாலயா? அப்புறம் பழைய ஃபைல்களை எப்படி சரி பண்றதுனு யாரும் சொல்லலையே, அதுதான் எனக்கு முக்கியம்.

---

ஓசூர்_நைட்ஷிஃப்ட் | காலை 9:50

பாதி ஃபோட்டோவுக்கு ரெண்டு காரணம் இருக்கலாம் ப்ரோ. நெட் நடுவுல அறுந்தா வந்த வரைக்கும் சர்வர்ல நிக்கும், அது ஒண்ணு. இன்னொண்ணு உங்க கிரான். ஃபோட்டோ இன்னும் ஏறிட்டு இருக்கும்போதே அந்த நிமிஷம் வந்துட்டா, முடிஞ்சதா முடியலையானு பாக்காம பேரை மாத்தி எடுத்துட்டு போயிடும், ஆஃபீஸ்ல இருந்து அந்த நேரம் நீங்க காப்பி பண்ணா பாதிதான் கிடைக்கும்.

இதுக்கு எல்லா இடத்துலயும் பண்றது ஒரே முறைதான். அனுப்பும்போது ஒரு தற்காலிக பேர்ல அனுப்புங்க, கடைசியில டாட் பார்ட்னு சேத்து. முழுசா போய் முடிஞ்சதும் ரீனேம் அடிச்சு உண்மையான பேருக்கு மாத்துங்க. ஒரே டிஸ்க்குக்குள்ள பேர் மாத்துறது ஒரே நொடியில முடியிற வேலை, பாதி பேர்ங்கிறதே கிடையாது, அதனால டாட் பார்ட் இல்லாம ஒரு ஃபைல் இருந்தா அது முழு ஃபைல்னு நம்பி எடுக்கலாம். ஆஃபீஸ் பக்கம் டாட் பார்ட்னு முடியிறதை தொடவே கூடாது.

எஸ்எஃப்டிபிக்கு மைனஸ் பி (பேட்ச்ங்கிற வார்த்தையோட பி, புட்டுக்கு போடுற பி வேற) போட்டு ஒரு ஸ்கிரிப்ட் ஃபைல் குடுக்கலாம், உங்க பவர்ஷெல்லே அந்த ரெண்டு வரியை எழுதிக் குடுத்துடும். முதல் வரி புட் மைனஸ் பி, உள்ளூர் பேர், பார்ட் பேர். ரெண்டாவது வரி ரீனேம், பார்ட் பேர், உண்மையான பேர். புட் ஃபெயில் ஆச்சுனா எஸ்எஃப்டிபி அங்கயே நின்னுடும், ரீனேமுக்கு போகவே போகாது, அதுதான் இதுல நமக்கு வேண்டிய பாதுகாப்பு. வரிக்கு முன்னாடி ஒரு மைனஸ் போட்டா ஃபெயில் ஆனாலும் அடுத்த வரிக்கு போகும், நெட்ல சில பேர் அப்படி எழுதி வச்சிருப்பாங்க, அதைப் பாத்து நீங்க போட்டுடாதீங்க. முடிஞ்சதும் எக்ஸிட் கோடு (கமாண்ட் முடியும்போது தர்ற எண், பூஜ்யம்னா வெற்றி) பூஜ்யமானு பாத்து, பூஜ்யம்னா மட்டும் அனுப்பினது ஃபோல்டருக்கு நகத்துங்க.

ஒரு எச்சரிக்கை, ரெண்டு பக்கமும் எஸ்எஃப்டிபியை நடத்துறது ஓப்பன்எஸ்எஸ்ஹெச்ங்கிற சாஃப்ட்வேர்னா ரீனேம் போற இடத்துல அதே பேர்ல ஃபைல் இருந்தா ஒரு வார்த்தை கேக்காம அதை அழிச்சுட்டு உக்காந்துக்கும். அதனாலதான் அண்ணன் மேடை நம்பரும் வினாடியும் சேக்க சொன்னார்.

உங்க சர்வர் கிரான் இனி தேவையே இல்ல, எடுத்துடுங்க.

---

தர்மபுரி_பேக்கப் | காலை 10:30

பழைய ஃபைல் விஷயத்துக்கு வர்றேன் தம்பி, மனசை விடாதீங்க, உங்க சர்வர்ல உண்மை இன்னும் இருக்கு.

லினக்ஸ் ஒவ்வொரு ஃபைலுக்கும் கடைசியா உள்ள எழுதின நேரத்தை வச்சிருக்கும், எம்டைம்னு சொல்வாங்க. அது தேதியா இருக்காது, 1970 ஜனவரி 1, யூடிசி நடுராத்திரியில இருந்து எத்தனை வினாடி ஆச்சுங்கிற ஒரு எண்ணா இருக்கும். அந்த எண்ணுக்கு ஊர் கிடையாது. டைம்சோன் எதுவோ அதுக்கு தக்க நமக்கு காட்டும்போதுதான் 13ஆகவோ 14ஆகவோ மாறும். நீங்க எம்வி போட்டு பேர் மாத்தினப்ப அந்த எண் மாறல, எம்வி எம்டைமை தொடாது, சிடைம்னு இன்னொண்ணு இருக்கு, அதுதான் மாறும். அப்ப உங்க பழைய ஃபைல் ஒவ்வொண்ணுலயும் அது சர்வருக்கு வந்து சேந்த சரியான வினாடி அப்படியே இருக்கு. பேர்தான் பொய், ஃபைல் பொய் சொல்லல.

நீங்க அந்த ஃபோல்டரை வேற இடத்துக்கு சிபி கமாண்ட்ல காப்பி பண்ணி இருந்தா மட்டும் சிக்கல், மைனஸ் பி இல்லாம காப்பி எடுத்தா காப்பிக்கு புது நேரம் விழும். அதனால காப்பியை வச்சு வேலை செய்யாதீங்க, மூலத்தை வச்சு செய்யுங்க. முதல் வேலையா சிபி மைனஸ் ஏ போட்டு முழு ஃபோல்டரையும் ஒரு பிரதி எடுத்து ஓரமா வைங்க.

அப்புறம் ஒவ்வொரு ஃபைலா எடுத்து டிஇஸட் கொல்கத்தானு போட்டு டேட் மைனஸ் ஆர் கேட்டு, வர்ற தேதி நேரத்தை பேரா வச்சு எம்வி பண்ற ஒரு ஃபார் லூப் (ஒவ்வொரு ஃபைலுக்கும் அதே வேலையை திருப்பி செய்யுறது) எழுதுங்க. எம்விக்கு மைனஸ் என் கண்டிப்பா போடுங்க, அதே பேர் ஏற்கனவே இருந்தா மேல எழுதாது. நேரா ஓட்டாதீங்க, முதல்ல எம்விக்கு முன்னாடி எக்கோனு சேத்து ஓட்டுங்க, எதை எதா மாத்தப்போகுதுனு திரையில மட்டும் காட்டும், எதையும் தொடாது. அந்தப் பெரியவரோட ஃபைலை அதுல தேடிப் பாருங்க, 20250614_0110 ஒட்டி வந்தா உங்க லூப் சரி. ஃபைல் பேரை டபுள் கோட்ஸ்க்குள்ள வைங்க, அந்த பழைய ஸ்பேஸ் வந்த பேர் எல்லாம் இன்னும் கிடக்கும்ல.

பில்லுக்கு பாக்க வேண்டியது எல்லா ஃபைலும் இல்ல. பழைய பேர்ல மணி 1830ல இருந்து 2359 வரைக்கும் இருக்கிறதை மட்டும் எடுங்க, அதுதான் நம்ம நேரம் ராத்திரி 12ல இருந்து 5:30. அதுல ரேட் மாறின நாள்களை மட்டும் பிரிச்சா கையில எண்ணுற அளவுக்குத்தான் வரும். சீட்டு நம்பர் சிஎஸ்வியில இருக்குல்ல, சீட்டோட ஆஃபீஸ் காப்பியை எடுத்து ஒண்ணொண்ணா ஒத்துப் பாத்துடுங்க. 12 மணிக்கு ஒட்டி, முன்ன பின்ன பத்து நிமிஷத்துல இருக்கிறதுக்கு ஃபைல் நேரத்தை நம்பாதீங்க, அது வந்து சேந்த நேரம்தான், சீட்டுல என்ன இருக்கோ அதுதான் கணக்கு.

---

ராயக்கோட்டை_மண்டி | மதியம் 1:05

அண்ணா ஒரு சந்தேகம், நெட் இல்லாத நாள் நாங்க பென்டிரைவ்ல எடுத்துட்டு போவோம், அதுல ஃபைலோட தேதி அப்படியே இருக்குமா?

---

தர்மபுரி_பேக்கப் | மதியம் 1:40

விண்டோஸ்ல காப்பி பண்ணா மாடிஃபைடு தேதி கூடவே வரும், கிரியேட்டட் தேதிதான் புதுசா மாறும், அதைப் பாத்து கணக்கு எழுதாதீங்க. பென்டிரைவ் ஃபேட்32 ஃபார்மட்னா ரெண்டு வினாடிக்கு ஒருதடவைதான் நேரத்தை பதியும், ஒத்தைப்படை வினாடி வராது. அது உள்ளூர் நேரத்தை அப்படியே எழுதி வைக்கும், எந்த ஊர் நேரம்னு குறிக்காது, அதனால அதை யூடிசியில இருக்கிற லினக்ஸ்ல மாட்டினா 5:30 தள்ளிப்போக வாய்ப்பிருக்கு. ஆர்சிங்க் வச்சு பென்டிரைவ்ல இருந்து எடுத்தா மாடிஃபை-விண்டோ ஈக்வல் டு 1னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அந்த ஒரு வினாடி வித்தியாசத்தை கண்டுக்காது. பேர்லயே நேரம் இருந்துச்சுனா இந்தத் தொல்லையே இல்ல, பேரை எந்த டிஸ்க்கும் மாத்தாது.

இன்னொண்ணு, ரெண்டு பேருமே பாருங்க, எடைமேடை கம்ப்யூட்டரோட கடிகாரம் சரியா இருக்கா? இவ்வளவு நேரம் நாம பேசினது எல்லாம் அது சரியா இருந்தாத்தான். போன சீசன்ல காரிமங்கலம் பக்கம் ஒரு இடத்துல கூப்பிட்டாங்க, கரண்ட் போயிட்டு வந்தா கம்ப்யூட்டர்ல பல வருஷம் பின்னாடி தேதி காட்டுது. மதர்போர்டுல இருக்கிற வட்ட பேட்டரி தீந்து போச்சு, சிஆர்2032, சின்ன காசு. மாத்திட்டு, விண்டோஸ்ல டைம் தானா சிங்க் ஆகுற மாதிரி வச்சுட்டு வந்தேன். டபிள்யூ32டிஎம் சாய்வுக்கோடு ரீசிங்க்னு அட்மினா அடிச்சா உடனே சரி பண்ணும். சீட்டுல அச்சாகுற நேரமும் இந்தக் கடிகாரம்தான் தம்பி, இது தப்பா போனா பேப்பரும் தப்பு, ஃபைலும் தப்பு, அப்புறம் யாரும் எதை வச்சும் நிரூபிக்க முடியாது.

---

காவேரிப்பட்டணம்_கணக்கு | மூணு நாள் கழிச்சு, இரவு 11:30

அண்ணா, ப்ரோ, முடிச்சுட்டேன், வந்து சொல்லாம இருக்க முடியல.

சர்வர் டைம்சோன் மாத்தியாச்சு, கிரானை எடுத்தாச்சு. ரெண்டு மேடையிலயும் ஃபைலோட நேரத்தை எடுத்துதான் பேர் வைக்குது, டாட் பார்ட்ல போய் அப்புறம் ரீனேம் ஆகுது. நேத்து வேணும்னே ஒரு ஃபோட்டோ போயிட்டு இருக்கும்போது மோடம் ஒயரை புடுங்கிப் பாத்தேன், சர்வர்ல டாட் பார்ட் மட்டும் அனாதையா நின்னுச்சு, ஆஃபீஸ் பக்கம் வரவே இல்ல, இங்க அனுப்பணும் ஃபோல்டர்ல ஃபைல் அப்படியே இருந்துச்சு, ஒயரை மாட்டி மறுபடி ஓட்டினதும் முழுசா போச்சு. ஆபரேட்டர் பையன்கிட்டயும் காட்டினேன், அவனே ரெண்டு தடவை புடுங்கி மாட்டிப் பாத்தான்.

ரெண்டாவது மேடை கம்ப்யூட்டர் கடிகாரம் 7 நிமிஷம் பின்னாடி ஓடிட்டு இருந்துச்சு அண்ணா. நீங்க சொல்லலைனா பாத்திருக்கவே மாட்டேன்.

பழைய ஃபைலை எக்கோ போட்டு ஓட்டினதும் அந்தப் பெரியவரோடது 20250614_0110னு வந்துச்சு, சீட்டுலயும் 1:10. அதைப் பாத்ததும்தான் உயிர் வந்துச்சு. 1830ல இருந்து 2359 வரைக்கும் பிரிச்சு, ரேட் மாறின நாளுக்கு மட்டும் எடுத்ததுல 9 லோடு வந்துச்சு. சீட்டு காப்பியோட ஒத்துப் பாத்தாச்சு. 7 பேருக்கு நாம குடுக்கணும், 2 பேருக்கு ரேட் இறங்கின நாள், கூட போயிருக்கு. கூட போனதை கேக்க வேண்டாம், தப்பு நம்மதுதானேனு முதலாளியே சொல்லிட்டார். 7 பேர்ல 5 பேருக்கு போன் பண்ணி சொல்லியாச்சு, ஒருத்தர் நம்பவே இல்ல, எதுக்கு பணம் தர்றீங்கனு மூணு தடவை கேட்டார். மிச்சம் ரெண்டு பேர் நம்பர் சுவிட்ச் ஆஃப்னு வருது, பர்கூர் பக்கம்தான் ஊரு, ஞாயித்துக்கிழமை வண்டியை எடுத்துட்டு நேர்லயே போய் பாத்துட்டு வர்றேன்.